ஐந்து டஜன் பென்சில், இரண்டு மாதம்

கேள்வி: எங்களுடையது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. இரண்டாம், மூன்றாம் வகுப்பைச் சேர்த்து ஒரே அறையில் 34 பிள்ளைகள். ஜூன் மாதம் பொதுவில் வைக்க ஐந்து டஜன் பென்சில் வாங்கினேன். ஆகஸ்டில் எண்ணினால் ஒன்பதுதான் இருக்கிறது. ஸ்கெட்ச் பேனாவில் பாதிக்கு மூடி இல்லை. பசை கட்டியாகிவிட்டது. எழுத்து அட்டைகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. போன வாரம் ஒரு தாயார் வந்து, “என் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த பென்சிலை ஏன் பொது டப்பாவில் போட்டீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார். பிள்ளைகளைத் திட்டுவதிலேயே நாள் போகிறது. பேசாமல் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடலாமா?

பதில்: பூட்ட வேண்டாம். பூட்டினால் பொருள் மிச்சமாகும், ஆனால் எடுக்க வேண்டிய வேளையில் சாவியைத் தேடி, வரிசையில் நிற்கவைத்து, பேர் சொல்லிக் கொடுத்து முடிப்பதற்குள் பத்து நிமிடம் ஓடிவிடும். இரண்டு வாரத்தில் “வேண்டாம், நோட்டிலேயே எழுதுங்க” என்று நீங்களே சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். பொருள் புதுசாகவே இருக்கும், பிள்ளைகள் கையில் எதுவும் இருக்காது.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விவரத்தில்தான் கோளாறு இருக்கிறது. ஐந்து டஜன் பென்சிலும் ஒரே டப்பாவில் இருந்ததா? அப்படியானால் அதிலிருந்து பத்து குறைந்தாலும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாது. 60 பென்சிலும் 50 பென்சிலும் ஒரே மாதிரிதான் தெரியும். குறைந்தது அன்றைக்கே தெரிந்தால் பாய்க்கு அடியில் தேடலாம், பையில் மறந்து போட்டதை எடுக்கச் சொல்லலாம். இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தால் திட்டத்தான் முடியும். ஆகவே, ஒன்று குறைந்தாலும் எண்ணாமலே கண்ணில் படுகிற மாதிரி பொருளைப் பிரித்து வையுங்கள். கீழே சொல்கிற ஏற்பாடெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

34 பிள்ளைகளை ஐவர் ஐவராகப் பிரித்தால் ஆறு குழு, நால்வர் உள்ள குழு ஒன்று. ஏழு தட்டு வேண்டும். பழைய செயல்வழிக் கற்றல் காலத்துப் பிளாஸ்டிக் தட்டுகள் உங்கள் பள்ளி ஸ்டோர் அறையில் கிடக்கலாம், முதலில் அங்கே பாருங்கள். இல்லாவிட்டால் பாத்திரக் கடையில் ஏ4 தாள் படுக்கிற அளவில், ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் ஆழமில்லாத தட்டாக வாங்குங்கள். ஆழமான டப்பாவும் வாளியும் வேண்டாம். அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. பிள்ளைகள் கையை விட்டுக் கிளறுவார்கள், பென்சில் முனை உடையும்.

ஒரு தட்டில் ஆறு பென்சில், மூன்று ரப்பர், இரண்டு ஸ்கேல், ஒரு கிரேயான் பெட்டி. ஐந்து பேருக்கு ஆறு பென்சில் ஏன் என்றால், முனை உடைந்தவுடன் எழுந்து ஓடாமல் கையில் எடுக்க ஒன்று இருக்க வேண்டும். ரப்பர் ஆளுக்கொன்று கொடுத்தால் கடித்தும் கிள்ளியும் தீர்ப்பார்கள், ஒரே ஒன்று வைத்தால் சண்டை. மூன்று சரியாக வரும்.

இனித் தட்டின் அடியில் ஒரு வெள்ளைத் தாளை அளவாக வெட்டிப் போடுங்கள். ஆறு பென்சிலையும் அதன் மேல் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்பு மார்க்கரால் கோடு இழுங்கள். ரப்பருக்கும் ஸ்கேலுக்கும் அப்படியே. பொருளை எடுத்துவிட்டால் அதன் உருவம் மட்டும் தாளில் நிற்கும். அந்த உருவத்துக்குள் லேசாக வண்ணம் தீட்டி, தாள் முழுவதையும் அகலமான ஒட்டு டேப்பால் மூடித் தட்டோடு ஒட்டிவிடுங்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் இது புரியும். ஐந்து உருவத்தின் மேல் பென்சில் இருந்து ஆறாவது வெறுமையாக இருந்தால், “ஒண்ணு காணோம் டீச்சர்” என்று அதுவே சொல்லும். நீங்கள் ஏழு தட்டையும் பார்த்து முடிக்க அரை நிமிடம் போதும். பென்சில் சீவச் சீவக் குட்டையாகும், அதனால் உருவத்தின் அடிப்பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, பென்சிலின் பின்முனை அந்தப் புள்ளியில் இருக்க வேண்டும் என்று பழக்குங்கள்.

ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு நிறம், அதோடு ஒரு படம்: மயில், கிளி, மீன், ஆமை என்று. நிறம் மட்டும் போதாது. ஆண் பிள்ளைகளில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, அது அவர்களுக்கே தெரிந்திருக்காது. பென்சிலின் பின்முனையில் தட்டின் நிறத்தில் நகப்பாலிஷோ எனாமலோ ஒரு வளையம் பூசிக் காயவிடுங்கள். அறையில் எங்கே கிடந்தாலும் எந்தத் தட்டுக்காரப் பென்சில் என்று தெரியும். இன்னொரு லாபமும் உண்டு. பிள்ளைகளுக்கு இரண்டு முனையையும் சீவ ஆசை, ஓடும்போது கண்ணில் குத்துவது அந்த இரண்டாவது முனைதான். வளையம் பூசிய பக்கத்தைச் சீவக் கூடாது என்று ஒரு தடவை சொன்னால் போதும், நினைவில் நிற்கும்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பார்த்து உட்காரவைக்கிறீர்கள், பாடத்துக்குப் பாடம் பிள்ளைகள் இடம் மாறுகிறார்கள். தட்டையும் நிலை பார்த்துப் பிரித்துவிடாதீர்கள். “அது அரும்புத் தட்டு” என்று ஒரு பேர் விழுந்தால் அந்தத் தட்டில் கை வைக்கவே பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். தட்டு இடத்துக்குச் சொந்தம். மயில் தட்டு ஜன்னலோரப் பாயில்தான் இருக்கும், அங்கே எந்தக் குழந்தை உட்கார்ந்தாலும் எடுக்கலாம், எழுந்து போகும்போது வைத்துவிட்டுப் போகும்.

ஷார்ப்னரைத் தட்டில் வைக்காதீர்கள். வைத்தால் எழுத வேண்டிய நேரத்தில் சீவிக்கொண்டே இருப்பார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் திருகாணியைக் கழற்றிப் பிளேடைத் தனியே எடுக்கத் தெரிந்தவர்களும் உண்டு. உங்கள் மேசை ஓரத்தில் இரண்டு டம்ளர் வையுங்கள். ஒன்றில் கூராகச் சீவிய பென்சில் படம், மற்றதில் மழுங்கிய பென்சில் படம். மழுங்கியதைப் போட்டுவிட்டுச் சீவியதை எடுத்துக்கொண்டு போக வேண்டும், கேட்கக்கூட வேண்டாம். மாலையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் உங்கள் கண்முன்னே உட்கார்ந்து சீவட்டும். ஷார்ப்னர் இரண்டு, வேலை முடிந்ததும் பிளேடு இருக்கிறதா என்று பார்த்து வாங்கி வையுங்கள். மாற்றி எடுக்கும் பென்சிலில் வேறு தட்டின் நிறம் இருக்குமே என்று கேட்பீர்கள். அதனால்தான் டம்ளர் பென்சிலுக்கு வெள்ளை வளையம். மாலையில் வெள்ளை டம்ளருக்கும் நிறம் தட்டுக்கும் திரும்பிவிட வேண்டும். டம்ளரில் பத்து வெள்ளை போதும். தட்டுகளில் 42, டம்ளரில் 10, ஆக 52. மறுபடி ஐந்து டஜன் வாங்கினால் அதில் எட்டு உங்கள் பீரோவில் மிச்சம்.

சீவச் சீவ முனை உடைந்துகொண்டே வந்தால் பிள்ளை மேல் குற்றமில்லை. பென்சில் தரையில் விழுந்து உள்ளே கரி துண்டு துண்டாகியிருக்கும், அல்லது கரி மரத்தின் நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கும். கடையில் வாங்கும்போதே பெட்டியைத் திறந்து பின்பக்கத்தைப் பாருங்கள். கறுப்புப் புள்ளி நட்டநடுவில் இருக்கிற பென்சில்தான் நின்று உழைக்கும்.

ஸ்கெட்ச் பேனா காய்வதற்குக் காரணம் மூடி தொலைவது மட்டும் இல்லை, “டக்” என்று சத்தம் வருகிறவரை அழுத்தாததும்தான். மூடியே தொலையாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை இரண்டு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்துக் கரைத்து நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றுங்கள். அது இறுக ஆரம்பிக்கும்போது பன்னிரண்டு மூடிகளையும் வாய் மேலே பார்க்க, முக்கால்வாசி புதையும்படி, இரண்டு விரல் இடைவெளி விட்டு நடுங்கள். மூடிக்குள் மாவு போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் காயவிட்டால் மூடிகள் பாறையில் பதித்த மாதிரி நிற்கும். பேனாவைத் தலைகீழாகச் செருகினால் அதுதான் மூடுவது. முனை கீழே இருப்பதால் மையும் முனைக்கே இறங்கி நிற்கும். களிமண்ணில் நட்டால் காய்ந்து வெடித்து மூடி கழன்றுவிடும். பிளாஸ்டர் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், இறுகும்போது சூடாகும், அதற்குள் கை வைத்தால் புண்ணாகிவிடும். 34 பேருக்கு இப்படி மூன்று கட்டை போதும், படம் வரைகிற நாளில் மட்டும் வெளியே வரட்டும். ஏற்கெனவே காய்ந்து கிடக்கிற பேனாக்களைத் தூக்கிப் போடாதீர்கள். நீரில் கரையும் மை என்றால் முனையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் மூடி வைத்தால் கொஞ்ச நாள் ஓடும்.

கிரேயானைப் பெட்டி பெட்டியாகத் தட்டில் வைப்பதா, எல்லாப் பச்சையையும் ஒரு டப்பா, எல்லா நீலத்தையும் ஒரு டப்பா என்று நிறம் பிரிப்பதா என்று ஆசிரியர்களிடையே இரண்டு கட்சி உண்டு. தட்டோடு இருப்பதுதான் இந்த வயதுக்குச் சரி என்பது என் முடிவு. நிறவாரியாக வைத்தால் மரம் வரைகிற நாளில் ஏழு குழுவும் பச்சை டப்பாவைச் சுற்றி நிற்கும். பன்னிரண்டோடு பச்சை, பழுப்பு, கறுப்பு ஒவ்வொன்று கூடுதலாகப் போட்டுப் பதினைந்தாக வையுங்கள். இலைக்கும் மண்ணுக்கும் தலைமுடிக்கும் இவைதான் முதலில் தீரும். ஓர் அங்குலத்துக்குக் குறைந்த துண்டுகளைத் தனி டப்பாவில் சேர்த்து வாருங்கள். மேல் காகிதத்தை உரித்து, இலையின் மேல் தாள் வைத்துப் படுக்கையாகத் தேய்க்க அந்தத் துண்டுதான் வாகு. வெயில் விழுகிற ஜன்னல் திட்டில் மட்டும் வைக்காதீர்கள், மெழுகு இளகிப் பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும்.

பசைப் பாட்டிலைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். ஒரு குழுவுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் மூடியில் ஒரு தேக்கரண்டி ஃபெவிகால், தடவ இரண்டு ஐஸ் குச்சி, விரல் துடைக்க ஒரு ஈரத்துணி. ஐந்து பேர் ஒரு தாளில் வெட்டி ஒட்ட அவ்வளவு போதும். மிஞ்சியதைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றினால் காய்ந்த ஏடும் கூடவே போய் வாயை அடைக்கும், உங்கள் பசை கட்டியானதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மைதாப் பசை காய்ச்சினால் அன்றே தீர்த்துவிடுங்கள். ராத்திரி வைத்தால் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் அட்டைகளைத் தேடி வரும்.

கத்தரிக்கோல் 14, முனை மழுங்கியது. காலியான அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து 14 துளை போட்டுச் செருகி வையுங்கள். ஒரு துளை வெறுமையாக இருந்தால் யாரும் எழக் கூடாது, கிடைத்த பிறகுதான் அடுத்த வேலை. மதிய மணிக்கு முந்தைய பாடவேளையில் கத்தரி வேலை வைக்காதீர்கள். சத்துணவுத் தட்டோடு ஓடத் தயாராக நிற்கிற பிள்ளை எதையும் சரியாக வைக்காது, பசித்த பிள்ளையை நிறுத்தி எண்ணச் சொல்வதும் நியாயமில்லை.

கணக்குப் பொருளுக்கு வருகிறேன். ஐஸ் குச்சி ஒரு பைக்கு நூறு: பத்துப் பத்தாக ஒன்பது கட்டு, உதிரி பத்து. எப்போது திரும்பி வந்தாலும் அதே உருவில்தான் வர வேண்டும். கட்டுகிற வேலையே பத்தின் மடங்கைப் பழக்கிவிடும், உதிரி ஒன்பதாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கட்ட ரப்பர் பேண்டு வேண்டாம், கோடையில் இளகிக் குச்சியோடு ஒட்டும். சைக்கிள் கடையில் பழைய டியூப் கேட்டு வாங்கி அரை சென்டிமீட்டர் அகலத்தில் வளையம் வளையமாக நறுக்கினால் ஆண்டு முழுவதும் தாங்கும். புளியங்கொட்டையை ஒன்றாம் வகுப்புக்குக் கொடுக்க வேண்டாம், மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள். உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பதானால் நன்றாக வெயிலில் காயவைத்து இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் வண்டு துளைத்துவிடும். சத்துணவுக் கூடத்து முட்டை அட்டை முப்பது குழியோடு எண்ணுவதற்குத் தோதாக இருக்கிறது என்று பலர் எடுத்துவந்துவிடுகிறார்கள். காகித அட்டையைக் கழுவ முடியாது, பச்சை முட்டை ஓட்டில் இருக்கிற கிருமி அதில் ஒட்டியிருக்கும், பிள்ளைகள் அதே கையோடு சாப்பிட உட்காருவார்கள். வேண்டாம்.

எழுத்து அட்டை கலந்து போவதற்கு எளிய மருந்து உண்டு. உயிர்மெய் 216ஐயும் ஒரே கட்டாக வைக்காதீர்கள். உயிர் வாரியாகப் பன்னிரண்டு கட்டு, ஒரு கட்டுக்கு 18 அட்டை: க முதல் ன வரை, கா முதல் னா வரை, இப்படி. சார்ட் தாளில் எழுதியிருந்தால் கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டித் தடிமனாக்குங்கள். வரிசையாக அடுக்கிய கட்டை இறுகப் பிடித்து, அதன் பக்கவாட்டில், அதாவது அட்டைகளின் விளிம்புகள் தெரிகிற முகத்தில், இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு ஸ்கேல் வைத்து ஒரு சாய்கோடு இழுங்கள். ஒவ்வொரு அட்டையின் விளிம்பிலும் அந்தக் கோட்டின் ஒரு துளி விழும். சரியான வரிசையில் அடுக்கினால் கோடு நேராக ஓடும். ஓர் அட்டை இடம் மாறினால் அந்தத் துளி வெளியே துருத்தும், ஓர் அட்டை காணாமல் போனால் கோட்டில் ஒரு படி விழும். வாசிக்கத் தடுமாறுகிற குழந்தைகூடக் கோட்டைப் பார்த்து அடுக்கிவிடும். ஒவ்வொரு கட்டுக்கும் கோட்டின் நிறத்தை மாற்றினால் ஆ வரிசையில் ஈ வரிசை அட்டை புகுந்தால் உடனே காட்டிக்கொடுக்கும். அட்டையின் பின்னால் 1 முதல் 18 வரை எண்ணும் போட்டு வையுங்கள், தொலைந்தது எது என்று சொல்ல அது வேண்டும்.

சிலேட்டும் பல்பமும் இன்னும் புழக்கத்தில் இருந்தால் பல்பத்தையும் ஆளுக்கொன்று எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். சிக்கனத்துக்காகச் சொல்லவில்லை. அடிக்கடி ஒரே தட்டில் பல்பம் குறைந்தால் யாரோ தின்கிறார்கள். பல்பம், சாக்பீஸ், மண் தின்கிற பழக்கம் இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வருவது உண்டு. அந்தப் பிள்ளையை வகுப்பில் வைத்துக் கண்டிக்காமல், அம்மாவிடம் தனியாகச் சொல்லி, ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

பொறுப்புக்கு ஆள் போடும்போது நன்றாகப் படிக்கிற பிள்ளை, சொன்ன பேச்சு கேட்கிற பெண் பிள்ளை என்று பார்க்காதீர்கள். வருகைப் பதிவேட்டு வரிசையில் ஒரு தட்டுக்கு ஒருவர், ஒரு வாரம். யாரைப் பார்த்தால் “இவனிடம் கொடுத்தால் அவ்வளவுதான்” என்று தோன்றுகிறதோ அவன் முறையையும் தாண்டிவிடாதீர்கள். கடைசிப் பாடவேளை முடிய ஐந்து நிமிடத்துக்கு முன் எல்லாத் தட்டும் அலமாரிக்குப் போக வேண்டும். நான்கு தட்டு ஒரு சுவரில், மூன்று எதிர்ச் சுவரில் இருந்தால் நெரிசல் இருக்காது. அலமாரி பிள்ளையின் தோள் உயரத்துக்கு மேல் போக வேண்டாம், சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி நிற்கட்டும், மழைக்காலத்தில் ஓதமும் கரையானும் சுவர் வழியாகத்தான் வரும்.

இவ்வளவு செய்தும் ஒன்றிரண்டு வீட்டுக்குப் போகும். பையைச் சோதிக்காதீர்கள், “யார் எடுத்தது?” என்று எழுப்பிவைத்துக் கேட்காதீர்கள். ஏழு வயதில் பொதுப்பொருளைப் பையில் போட்டுக்கொள்வது பெரும்பாலும் மறதி. சில வீடுகளில் எழுத ஒரு பென்சில் இருக்காது. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா வைத்து, “தெரியாமல் வந்ததை இதில் போடலாம், யாரும் கேட்க மாட்டோம்” என்று சொல்லிவிடுங்கள். சொன்னபடியே கேட்காமல் இருங்கள். வீட்டில் பென்சில் இல்லாத பிள்ளை எது என்று தெரிந்தால் உங்கள் இருப்பிலிருந்து ஒன்றை அதற்கே கொடுத்துவிடுங்கள், வளையம் பூசாமல்.

செலவுக்குப் பெற்றோரிடம் போக வேண்டாம், நீங்கள் கைக்காசு போடவும் வேண்டாம். 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள அரசுப் பள்ளிக்குச் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் பள்ளி மானியம் என்பது வரையறை. முப்பது பேர் வரை என்றால் 10,000. தட்டு, பென்சில், பசை எல்லாம் அதில் வரும். பணம் தாமதமாக வருகிற ஆண்டும் உண்டு, அதனால் தேவையைப் பட்டியலாக எழுதிப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முன்னமே தீர்மானமாக்கிக்கொள்ளுங்கள். எவ்வளவு வாங்குவது என்று ஊகிக்க வேண்டாம். ஒரு 40 பக்க நோட்டில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரே வரி எழுதுங்கள்: பென்சில் எத்தனை சேர்த்தோம், ரப்பர் எத்தனை. நான்கு வரியைக் கூட்டினால் மாதத் தேவை கிடைத்துவிடும்.

அந்தத் தாயார் கேட்டது நியாயம். அவர் தன் காசில் தன் பிள்ளைக்கு வாங்கியது, அதைப் பொதுவாக்க நமக்கு உரிமை இல்லை. நோட்டு, பை, தண்ணீர் பாட்டில், சாப்பாட்டுத் தட்டு, வீட்டிலிருந்து வந்த பென்சில் எல்லாம் பிள்ளையின் சொந்தம், பையிலேயே இருக்கட்டும். அரசு பேர் பேருக்குத் தருகிற வண்ணப் பென்சிலும் அப்படித்தான், பள்ளி மானியத்தில் வாங்கியது மட்டுமே தட்டுக்கு. அந்தப் பென்சில் இன்னும் டப்பாவில் இருந்தால் எடுத்துப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, அம்மாவைப் பார்க்கும்போது, “தெரியாமல் கலந்துவிட்டதும்மா, கொடுத்துட்டேன். இனிமேல் வளையம் பூசினது மட்டும்தான் பள்ளிக்கூடத்துது” என்று சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் புதிதாக ஒன்று கொடுங்கள். பிறந்தநாளுக்கு யாராவது தாங்களாகவே ஒரு பெட்டி பென்சில் கொண்டுவந்தால் வாங்கி இருப்பில் வைக்கலாம், ஆனால் கொடுத்தவர் பேரைப் பலகையில் எழுதாதீர்கள், கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை அதைத் தினமும் பார்க்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்கிவிடாதீர்கள். முதல் வாரம் பென்சிலும் ரப்பரும் மட்டும், ஆறு உருவமும் தினமும் நிரம்புகிற வரைக்கும். இரண்டாம் வாரம் கிரேயானும் ஸ்கேலும், மூன்றாம் வாரம் ஸ்கெட்ச் பேனாக் கட்டை, நான்காவது வாரம் பசையும் கத்தரியும். ஒவ்வொன்றையும் வெளியே எடுக்கிற நாளில் பத்து நிமிடம் அதற்கே கொடுங்கள். எப்படி எடுப்பது, எப்படிக் கை மாற்றுவது, எங்கே வைப்பது என்று நீங்கள் ஒரு தடவை செய்துகாட்டி, பிறகு ஒவ்வொரு குழுவையும் செய்யவிட்டுப் பாருங்கள். காலாண்டு விடுமுறை முடிந்து திறக்கிற நாள் ஆரம்பிக்க வசதி. அதற்குள் நகப்பாலிஷ் காய்ந்திருக்கும்.